மஸ்கட் விளக்கு

"பிளக்கு பாயின்ட் எங்கன இருக்கு, அதச் சொல்லுங்க மொதல்ல" என்றான் காளிதாஸ். "பெட்டியத் தூக்கிக்கிட்டே நிக்க முடியாது."

ஐஸ் பெட்டியின் தலைமாட்டை அவன் ஒருவனே பிடித்திருந்தான். கால்மாட்டைப் பிடித்த மூன்று பேரும் உறவுக்காரர்கள் என்பதால் பெட்டி அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டே போனது. தேவிபட்டினத்தில் கேதம் என்றால் காளிதாஸின் பெட்டிதான். எந்த வீட்டுக்குப் போனாலும் அவன் முதலில் செத்தவர் முகத்தைப் பார்ப்பதில்லை, சுவரைத்தான் பார்ப்பான்.

கூடத்தில் பெரிய பிளக் ஒன்றே ஒன்றுதான். இறந்துபோன தங்கப்பாண்டியின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த அதில் ஒரு விளக்கின் ஒயர் செருகியிருந்தது. ஆள் உயரத்துக்கு நின்ற புது எல்இடி விளக்கு. தண்டில் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலை வெயில் கூடம் வரைக்கும் வந்துவிட்டதால் அது எரிவதை அதுவரை யாரும் கவனிக்கவில்லை.

"பாண்டியண்ணன் வெளக்கு இது இல்லையே. இத யாரு வாங்குனது?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

எல்லோரும் மாரிச்செல்வியைப் பார்த்தார்கள். இறந்தவரின் ஒரே மருமகள் அவள். அவள் குனிந்து ஒயரைப் பிடுங்கினாள், விளக்கைத் தூக்கிக்கொண்டுபோய் அடுப்படிக் கதவோரம் வைத்தாள். காளிதாஸ் தன் பிளக்கைச் செருகியதும் பெட்டி உறுமத் தொடங்கியது.

தங்கப்பாண்டி மஸ்கட்டில் ஓர் ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவர். அங்கிருந்து ஊர் திரும்பியவர்கள் தங்கம் கொண்டுவந்தார்கள், கம்பளி கொண்டுவந்தார்கள். இவர் ஓட்டல் வரவேற்பறையில் கழித்துப் போட்ட ஹாலஜன் ஸ்டாண்டு விளக்கைக் கொண்டுவந்தார். இவ்வளவு நல்ல விளக்கை ஓட்டல்காரன் ஏன் கழித்தான் என்று கேட்டால், "அவனுக்கு ரசனை கெடையாதுத்தா" என்பார். எல்இடிக்கு மாறியதால்தான் கழித்தான் என்பதை அவர் மகன் முத்துகிருஷ்ணன் ஒருநாள் வாய்தவறி உளறிவிட்டான். அதற்காக மகனோடு பத்து நாள் பேசவில்லை.

பித்தளைத் தண்டு, உச்சியில் வாணலி மாதிரி ஒரு கிண்ணம், அதற்குள் பென்சில் அளவுக்கு ஒரு பல்பு. முந்நூறு வாட். அது எரிகிறபோது கூடத்தில் வேறு யாரும் உட்கார முடியாது. அவர் மட்டும் வெறும் பனியனோடு, வேர்த்து ஒழுக ஒழுக, அதன் கீழே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். விளக்குக்கு நேர் மேலே கூரை பழுப்பேறிக் கிடந்தது. மழைக்காலத்தில் ஈசல்கள் கிண்ணத்துக்குள் விழுந்து வறுபடும் வாசனைக்குத் தெருப்பூனைகள் வாசலுக்கு வந்து உட்காரும். வெறுங்கையால் தொட்டால் பல்பின் ஆயுசு குறைந்துவிடும் என்று, துவைத்து மடித்த கைக்குட்டையால்தான் அதைப் பிடிப்பார். பேரப்பிள்ளைகளைக்கூட அவ்வளவு பதமாகத் தூக்கியதில்லை.

மாரிச்செல்விக்கும் அவருக்கும் இந்த விளக்கால் தினமும் சண்டை. கரண்டு பில் வந்தால் பில்லுக்காக ஒரு சண்டை, வராத நாட்களில் வெக்கைக்காக ஒரு சண்டை. போன மாதம் ஜன்னல் திரை கருகியபோது, "திரைதான் வெளக்குகிட்டப் போயிருக்கு. வெளக்கு எங்கயாச்சும் நடந்து போச்சா?" என்று கேட்டார். எல்இடி வாங்கலாம் என்றால், "அது பொணத்துக்கு வைக்கிற வெளிச்சம்த்தா. அதுல பாத்தா ஒன் மொகமே எனக்கு அடையாளம் தெரியாது" என்பார். என்றைக்காவது அவள் சண்டை போடாமல் இருந்துவிட்டால், "என்னத்தா, ஒடம்புக்கு முடியலையா?" என்று அவரே வந்து விசாரிப்பார்.

திரை கருகியது அவளைப் பயமுறுத்திவிட்டது. ராமநாதபுரத்தில் மூன்று கடை ஏறி இறங்கி, வெள்ளை வெளிச்சம் ஆகாது, மஞ்சள் வெளிச்சம்தான் வேண்டும் என்று தேடி ஒரு எல்இடி விளக்கை வாங்கினாள். அதைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். நேற்று மாமனார் கண்ணாடி மாற்ற ராமநாதபுரம் போன நேரம் பார்த்து விளக்கை மாற்றினாள். பழையதை பஜாரில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் வாவு முகம்மதுவைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். மாமனார் திரும்பி வருவதற்குள் புருஷனையும் பிள்ளைகளையும் கிளப்பிக்கொண்டு திருப்புல்லாணியில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டாள். அவ்வளவு நெருங்கிய சொந்தம் இல்லை. ஆனாலும் கடைசி பந்தி வரைக்கும் இருந்து சாப்பிட்டுவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்தபோது அவர் தூங்கியிருந்தார்.

இன்று காலை டீ போடும்போதே பதில்களைத் தயார் செய்துகொண்டாள். அவர் இப்படிக் கேட்டால் இப்படி, அப்படிக் கேட்டால் அப்படி. டம்ளரோடு கூடத்துக்கு வந்தால், அவர் புது விளக்கின் கீழே கண்ணாடியும் நேற்றைய பேப்பருமாக உட்கார்ந்திருந்தார்.

"மாமா, டீ."

பதில் இல்லை. கோபம் என்று நினைத்தாள். டீயை ஸ்டூலில் வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றி நின்றாள்.

"சொல்லுங்க. என்ன சொல்லணுமோ சொல்லிருங்க. மனசுல வச்சுக்கிறாதீங்க."

அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. அவளே திரையைப் பற்றியும் வெக்கையைப் பற்றியும் ஒரு பாட்டம் பேசி முடித்தாள். டீயில் ஆடை படிந்தது. அப்புறம்தான், அவர் கையிலிருந்த பேப்பர் கொஞ்சமும் அசையாததைப் பார்த்தாள். மாரடைப்பு, வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்கு இன்னும் அழுகை வரவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருந்தது. மாமா நேற்று சாயங்காலம் வந்து விளக்கைப் பார்த்தபோது என்ன சொன்னார்? தன்மேல் கோபத்தோடு போனாரா? அப்போது வீட்டில் இருந்தது மாமியார் ராக்கு ஒருத்திதான். கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் கேத வீட்டில் தாலி கட்டிக்கொண்டவளிடம் தனியாக ஒரு வார்த்தை பேசுவது லேசில்லை.

முதலில் சோடா கொடுக்கிற சாக்கில் போனாள். "அத்தே, நேத்து மாமா..." என்று ஆரம்பித்ததும் பின்னால் இருந்து இரண்டு பெண்கள் ராக்குவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விழுந்தார்கள். சோடா பாதி பெட்டிமேல் கொட்டியது. அடுத்த தடவை காதோரம் குனிந்தபோது, "என்னம்மா ரகசியம், பீரோச் சாவியா?" என்று ஒரு கிழவி கேட்டுவிட்டாள். மாரிச்செல்வி எழுந்து வந்துவிட்டாள். ராக்குவும் அழவில்லை. பெட்டிக் கண்ணாடியில் படிந்த பனியை முந்தானையால் துடைப்பதும், அது மறுபடி படிவதைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

இதற்கிடையில் வருகிறவர்கள் எல்லாம் "எப்பிடி நடந்துச்சு?" என்று கேட்டார்கள். முத்துகிருஷ்ணன் பந்தலில் நின்று முதல் ஆளிடம், "புது வெளக்குக்குக் கீழ உக்காந்திருந்தாரு, அப்பிடியே போயிட்டாரு" என்றான். அது மூன்றாவது ஆளிடம் போனபோது புது விளக்கு வந்ததால் போய்விட்டார் என்று ஆகிவிட்டது. பிறகு கரண்டு அடித்தது என்றார்கள். நவபாஷாணக் கோயிலுக்கு வழி கேட்டு நின்ற வெளியூர்க் காரில் இருந்தவர்கூட இறங்கி வந்து, "எல்இடியில ஷாக் அடிக்குமா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.

பகல் சாப்பாட்டு நேரத்துக்கு முதுகுளத்தூரிலிருந்து பூமயில் வந்து இறங்கினாள். தங்கப்பாண்டியின் ஒரே தங்கச்சி. அந்தக் குடும்பத்து வழக்கப்படி, கூடப்பிறந்தவள் கொண்டுவரும் கோடித்துணியைப் போர்த்திய பிறகுதான் பிணத்தைத் தூக்குவார்கள். தெருமுனையிலேயே விஷயம் அவள் காதுக்கு வந்திருக்க வேண்டும். பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் நாற்காலிக்குப் பின்னால் பார்த்தாள். விளக்கு நின்ற இடம் காலியாக இருந்தது. மாரில் அறைந்துகொண்டு உட்கார்ந்தாள்.

"மஸ்கட்டு வெளக்கெடுத்து – எம்பொறப்பே
மச்சு வீட்டுல நட்டு வச்ச
வெளக்கு மாறி விடியுமுன்னே – எம்பொறப்பே
வீடு விட்டுப் போனியே."

பேச்சில் கேட்டிருந்தால் யாராவது சமாதானம் சொல்லியிருப்பார்கள். ஒப்பாரியில் கேட்டதற்குக் குறுக்கே யாரும் பேச முடியாது. பாட்டில் கேட்டால் பாட்டில்தான் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். கிழவிகள் எல்லோரும் மாரிச்செல்வி பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள்.

மாரிச்செல்விக்குப் பாட வராது. பள்ளிக்கூடத்தில் அவளைக் கடவுள் வாழ்த்துக்கு வாயசைத்தால் போதும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஆனாலும் பூமயிலுக்கு எதிரே போய் உட்கார்ந்து தலையை அவிழ்த்துவிட்டாள்.

"முந்நூறு வாட்டு வெக்க – எம் மாமா
மொகத்தச் சுடுதுன்னு
ஒம்பது வாட்டு வெளக்கு – எம் மாமா
ஒங்களுக்கு வாங்கியாந்தேன்."

ராகம் எங்கேயோ போனது. கணக்குச் சரியாக இருந்தது. பந்தலில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். பூமயில் விடுவதாக இல்லை.

"ஒம்பது வாட்டுன்னு – எம்பொறப்பே
ஒசத்தியாச் சொல்லுறாளே
ஒரு ராத்திரி தாங்கலையே – எம்பொறப்பே
ஒன்ன வச்சுக் காக்கலையே."

மாரிச்செல்வி அடுத்த அடிக்குத் தேடினாள். கடைக்காரன் சொன்னதுதான் வாயில் வந்தது.

"ரெண்டு வருசம் வாரண்டி – எம் மாமா
ரசீதுல எழுதித் தந்தான்
வெளக்குக்குத்தான் வாரண்டி – எம் மாமா
ஒங்களுக்கு இல்லையே."

பாடி முடித்த பிறகுதான் என்ன பாடினோம் என்று அவளுக்கே உறைத்தது. பிறகு சாவியைப் பற்றிக் கேட்ட கிழவி ஓவென்று அழத் தொடங்கினாள். அவளைத் தொடர்ந்து கூடம் மொத்தமும் அழுதது. பூமயில் மாரிச்செல்வியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஆமாத்தா, வாரண்டி இல்லாமப் போயிட்டானே எங்கண்ணன்" என்று குலுங்கினாள். மாரிச்செல்வி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவளுக்கு அப்போதும் கண்ணீர் வரவில்லை.

பூமயில் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள். "அழுதது அழுததுதான். ஆனா பழைய வெளக்கு வரணும். எங்கண்ணன் தலமாட்டுல அது எரியாம நான் கோடி போட மாட்டேன்."

"சின்னம்மா, அத எடைக்குப் போட்டாச்சு" என்றாள் மாரிச்செல்வி.

"எடையிலருந்து எடுத்துட்டு வரச் சொல்லு. ஏலே முத்துகிருஷ்ணா, போடா."

முத்துகிருஷ்ணன் போனான். வரும்போது வாவு முகம்மதுவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, விளக்கைக் கொடிக்கம்பம் மாதிரி நட்டுப் பிடித்துக்கொண்டு வந்தான். பந்தலில் இருந்தவர்கள் தங்களை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார்கள். வாவு முகம்மது துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"இதத் தேடி அண்ணன் எப்பிடியும் கடைக்கு வருவாருன்னு தெரியும்" என்றார். "அதான் பிரிக்காம வச்சிருந்தேன். கைக்குட்ட இல்லாமத் தொடல."

காளிதாஸ் மட்டும் குறுக்கே நின்றான். "பழைய லைனு. பெட்டியும் அந்த வெளக்கும் ஒண்ணாத் தாங்காது."

"எங்கண்ணன் வீட்டு லைனு எதையும் தாங்கும்" என்றாள் பூமயில்.

விளக்கைத் தலைமாட்டில் நிறுத்தி, அடுப்படிப் பிளக்கிலிருந்து ஒயர் இழுத்துப் போட்டார்கள். ஒரு நாள் தூசி கருகும் வாசனையோடு கூடம் பளிச்சென்று எரிந்தது. பூமயில் கோடித்துணியை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரையும் பெருமையாகப் பார்த்தாள். பங்குனி மாத உச்சி வெயில், அதோடு நெருக்கியடித்து உட்கார்ந்த கூட்டம். கொஞ்ச நேரத்தில் அவள் முந்தானையால் விசிறத் தொடங்கினாள். கிழவிகள் ஒவ்வொருத்தியாக வாசல் பக்கம் நகர்ந்தார்கள். அப்போது மின்விசிறிகள் சுற்றலைக் குறைத்துக்கொண்டு நின்றன. பெட்டியின் உறுமலும் நின்றது.

"பீஸ் போயிருச்சு" என்றான் காளிதாஸ்.

கம்பி கட்டிப் போட்டான். விளக்கு எரிந்தது, பெட்டி உறுமியது, மறுபடி போனது. இன்னொரு தடவை கட்டினான். அதுவும் போனது. காளிதாஸ் பீஸ் கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கூடத்தின் நடுவே வந்து நின்றான்.

"இனிமே என்னால ஆகாது. ஒண்ணு வெளக்கு, இல்ல அண்ணன். ரெண்டுல எது வேணும்னு பேசி முடிவு பண்ணுங்க."

எல்லோரும் பூமயிலைப் பார்த்தார்கள். நெற்றியில் இருந்து வேர்வை வழிந்து அவள் கண்ணை மறைத்தது. அண்ணனைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள். ராக்கு பெட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எடுத்துருங்கப்பா அந்த எழவ" என்றாள் பூமயில். "இதுக்குக் கீழ எப்பிடித்தான் உக்காந்து படிச்சானோ."

கோடி போர்த்தினாள். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நீர்மாலை எடுத்தார்கள், மாலை போட்டார்கள், தூக்கினார்கள். பூமயில் தெருமுனை வரைக்கும் அழுதுகொண்டு போனாள். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனதும் வீட்டில் இருந்த பெண்களும் குளிக்கக் கிளம்பினார்கள். காளிதாஸ் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

கூடத்தைக் கழுவிவிட வேண்டும். மாரிச்செல்வி துடைப்பத்தை எடுத்தாள். ராக்கு யார் சொல்லியும் கேட்காமல் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

"அத்தே, நேத்து மாமா வந்து வெளக்கப் பாத்தாரா?"

"பாக்காம? வாசப்படியிலயே நின்னுட்டாரு."

"திட்டுனாரா?"

ராக்கு வாளியைச் சாய்த்தாள். தண்ணீர் நாற்காலிக் கால்களைச் சுற்றிக்கொண்டு ஓடியது. "மொதல்ல கைய மேல கொண்டுபோயி வச்சுப் பாத்தாரு. ராக்கு இங்க வா, சுடவே இல்லன்னாரு. பெறகு சட்டை எடுத்துட்டு வாடின்னாரு. வேர்க்கலையாம். சட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்து, பேப்பர வரி விளம்பரம் வரைக்கும் படிச்சாரு."

மாரிச்செல்விக்குத் துடைப்பம் ஓடவில்லை. "அப்ப பிடிச்சிருந்துச்சா?"

"பிடிக்காம என்ன. நல்லாத்தான் இருக்குன்னாரு. ஆனா மாரிகிட்டச் சொல்லிராத, ஒரு வாரம் சண்ட போட்டுட்டுத்தான் ஒத்துக்குவேன்னாரு. ஒடனே சரின்னுட்டா அவளுக்குச் சப்புன்னு போயிருமாம்." ராக்கு அடுத்த வாளித் தண்ணீரை ஊற்றினாள். "படுக்கப் போற வரைக்கும் என்னென்ன கேக்கணும்னு எங்கிட்டச் சொல்லிச் சொல்லிப் பாத்தாரு. நீ டீ கொண்டாந்ததும் ஆரம்பிக்கணும்னுதான் வெள்ளனா எந்திரிச்சாரு."

மாரிச்செல்வி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். காலையில் அவர் எதிரே நின்று தான் மட்டும் பேசியது நினைவுக்கு வந்தது.

"என்ன கேக்கணும்னு இருந்தாரு?"

"வேணாம்த்தா."

"சொல்லுங்கத்தே."

ராக்கு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். "ஏத்தா, யாரக் கேட்டு மாத்துன?"

"யாரக் கேக்கணும்?" என்றாள் மாரிச்செல்வி.

"வீட்டுல ஒரு பெரிய மனுசன் குத்துக்கல்லு மாதிரி ஒக்காந்திருக்கேன்ல?"

"ஒக்காந்திருந்தா சரியாப் போச்சா? ஒழுகுற வேர்வையப் பாக்க வேணாமா?"

"எனக்கு வேர்த்தா ஒனக்கென்ன?"

"ஒங்க பனியன யாரு தொவைக்கிறது? சொல்லுங்க. யாரு தொவைக்கிறது?" மாரிச்செல்வியின் முகமெல்லாம் நனைந்திருந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. "என்ன, பேச்சக் காணோம்?"

"இருத்தா, வாரேன்" என்றாள் ராக்கு. "அதுக்கும் ஒண்ணு சொன்னாரு."

கேத வீட்டில் அடுப்பு எரியாதே என்று பக்கத்து வீட்டு சூஃபியா சோறும் பருப்பும் எடுத்துக்கொண்டு வந்தாள். உள்ளே மாமியாரும் மருமகளும் போடும் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. படியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால் தூக்குவாளியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, சண்டை முடியட்டும் என்று பந்தல் நிழலில் ஒதுங்கி நின்றாள். அது இப்போதைக்கு முடிகிற மாதிரித் தெரியவில்லை.